போதகர் வராத ஞாயிறு

மேகம் தரைவரை இறங்கிவிட்டது,
ஹெலிகாப்டர் கிளம்பாது என்று
எட்டு மணிக்குத் தொலைபேசி சொன்னது.
போதகர் க்ளாக்ஸ்விக்கில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.
முப்பது வருடம் அவருக்குப் பதிலாக வாசித்த யால்கிரிம்
தோர்ஷவ்ன் மருத்துவமனையில், பாதி வாயோடு.
மிச்சம் இந்த ஃபுக்லோய் தீவில்
நான்.

ரன்வா. வயது நாற்பத்தாறு.
தபால் படகு வந்தால் கயிற்றை வாங்கிக் கட்டுவேன்.
அறுபத்தோரு ஆடுகள்.
ஆண்டவருக்காக வாய் திறக்க
இதற்குமேல் எந்தத் தகுதியும் கிடையாது.
தகுதியின்மைக்கோ ஆதாரம் உண்டு:
மேய்ச்சல் நிலத்தில் ஒரு வேலி,
வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி ஐட்ஃபின்.
இரண்டு வருடமாக
அவன் வாசல் விளக்கு எரிவதைப் பார்க்கிறேன்,
அணைவதையும் பார்க்கிறேன்,
அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

இன்றைய பாடம் மன்னிப்பு.
யார் குறித்துவைத்தார்களோ.

காலுறை மாட்டும்போது சொன்னேன்:
ஆண்டவரே, என்னை நம்பி இந்த வேலையில் இறங்காதேயும்.
இது எனக்கே நம்பிக்கையில்லாத நாக்கு.
மணியடிக்காமல் விட்டுவிடலாம்,
மூடுபனி என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பதில் ஒன்றும் வரவில்லை.
கெட்டில் கொதித்தது.
போய் மணியடித்தேன்.

ஏழு பேர்.
உத்தரத்தில் தொங்கும் சின்ன மரக்கப்பல்
கதவு திறக்கும்போதெல்லாம் திசை மாறியது.
எட்டாவதாக அவன் வந்தான்,
மூன்றாம் வரிசை, சுவரோரம்,
ஈரக் கம்பளிச் சட்டை.

பிரசங்கத்தை எப்படியோ வாசித்து முடித்தேன்,
அடுத்த வீட்டுப் பீங்கானைத்
திருப்பிக் கொடுக்கப் போகிறவள்போல
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பரமண்டல ஜெபத்தில்தான் மாட்டினேன்.
கடன் வரும் இடம்.
நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று
அடுத்து வரவேண்டும்.
வரவில்லை.
தொண்டையில் வேலிக்கம்பி.

அந்த மௌனத்தில் நான் நினைத்தது
கடவுளை என்று சொன்னால் பொய்.
பறவைப் பாறையை நினைத்தேன்.
பதினெட்டு வயதில் ஐட்ஃபின்
முட்டையெடுக்க இறங்குவான்;
மேலே ஆறு பேர் கயிறு பிடிப்போம்,
ஆறாவது நான்.
இருநூறு மீட்டர் கீழே, வெள்ளையாய், அலை.
பாறையின் வளைவு தாண்டிவிட்டால்
அவனுக்கு நாங்கள் தெரியமாட்டோம்.
முதல் தடவை பயத்தில்
கயிற்றைத் தானே இறுக்கிப் பற்றிக்கொண்டான்.
ஏறி வந்தபோது உள்ளங்கையில் தோல் இல்லை,
முட்டையும் இல்லை.
உன் பிடியிலா தொங்கினாய், மடையா
என்று சிரித்தோம்.
அடுத்த தடவை இரண்டு கையையும் விட்டான்.

பீடத்தின் விளிம்பில் என் விரல்கள்
வெளுத்துப்போயிருந்தன.
எடுத்தேன்.
என்னால் இதைச் சொல்ல முடியவில்லை என்றேன்,
எல்லோருக்கும் கேட்கும்படி.
அன்று காலையிலிருந்து
நான் பேசியதில் அது ஒன்றுதான்
என் சொந்த வாக்கியம்.

யாரும் அசையவில்லை.
பிறகு அந்த வரியை
மூன்றாம் வரிசை சொன்னது.
கரகரத்த குரல், கண் தரையில்.
மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.
கடைசியில் நானும்.
நான் தூக்கிச் சுமக்கவேண்டும் என்று
நினைத்திருந்த ஜெபம்
என்னைத் தூக்கிக்கொண்டு ஆமென் வரை நடந்தது.

சரியானவள் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருந்தால்
இந்த ஆலயம் என்றைக்கோ ஆட்டுத்தொழுவம்.
இது எனக்கு அப்போது தோன்றவில்லை,
பிறகு, மெழுகுவர்த்திகளை அணைக்கும்போது.
நாளைக்கு மறுபடி சந்தேகம் வரும்.
என் கை எனக்குத் தெரியும்,
அது எதையாவது பற்றிக்கொள்ளும் கை.

வெளியே போகும்போது அவன் திரும்பாமல் சொன்னான்:
கதவைச் சரியாகச் சாத்து,
ஆடு உள்ளே வந்துவிடும்.
இரண்டு வருடத்தில் ஆறு சொல்.

யாருடைய ஆடு என்று
நான் கேட்கவில்லை.